வீட்டில் உறவினரைப் பார்ப்பவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு, அரசாங்கப் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வருகிறவர்கள் கைப்பையிலிருந்து பழுப்புக் கடித உறையை எடுத்து மேசையில் வைப்பார்கள். பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம்தான்: வீட்டில் வைத்து ஒருவரைப் பார்க்கிறோம், அதற்கு ஏதோ காசு தருகிறார்களாமே? அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, மறுமொழிகளைக் கீழே போட்டிருக்கிறேன்.

இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்துக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இவை மாறும்.

இந்தக் காசுக்கு என்ன பெயர்? இது சம்பளம் மாதிரியா?

பெயர் கெயரர்ஸ் அலவன்ஸ். வாரத்துக்கு 83.30 பவுண். தருவது வேலை, ஓய்வூதியத் துறை. எல்லோரும் டிடபிள்யூபி என்றுதான் சொல்வோம். இதைப் பெற வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் ஒருவரைப் பராமரிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2.38 பவுண் வருகிறது, அதனால் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விடுமுறைக் காசு, சுகவீன விடுப்பு எதுவும் இதில் கிடையாது. வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் நிற்கிறவருக்கு அரசு தரும் ஒரு சிறு ஈடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1976இல் இது வேறு பெயரில் தொடங்கியபோது, கணவனோடு வாழும் பெண்களுக்குக் கிடையாது என்று சட்டமே சொன்னது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய நினைப்பு. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்தத் தடை நீங்கியது. இன்று நம்முடைய அக்காமாரும் மாமிமாரும் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

பெத்த தாயைப் பாக்கிறதுக்குக் காசு வாங்கிறதோ? ஊரில தெரிஞ்சா என்ன சொல்லுவினம்?

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமை இல்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கும். அம்மாவுக்காக வேலையை விட்டிருப்பார், சேமிப்பைக் கரைத்திருப்பார், தன் முழங்கால் வலிக்கு மருந்து எடுக்கக்கூட நேரமில்லாமல் இருப்பார். அப்படிப்பட்டவர்தான் வெட்கப்படுகிறார்.

இந்தக் காசு பாசத்துக்கு விலை இல்லை. நீங்கள் பார்க்காவிட்டால் உங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சில் ஆள் அனுப்பியோ, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோ பல மடங்கு செலவழிக்க நேரிடும். 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இப்படிச் சம்பளமில்லாமல் ஒருவரைப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வெட்கத்துக்காக இதை விட்டுவிடாதீர்கள். இதோடு இன்னொன்றும் வருகிறது: கெயரர்ஸ் அலவன்ஸ் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் பெயரில் தேசியக் காப்புறுதிப் பதிவு விழும். நாளைக்கு உங்களுடைய ஓய்வூதியம் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

அம்மாவுக்கு வயசு போயிட்டுது, தனிய ஒண்டும் செய்ய ஏலாது. அது காணாதோ?

காணாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நீங்கள் பார்க்கிறவருக்கு, அவருடைய பெயரில், ஊனத்துக்கான ஒரு கொடுப்பனவு ஏற்கெனவே வந்துகொண்டிருக்க வேண்டும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ், எந்த வீதமானாலும் சரி. அதற்குக் கீழ்ப்பட்ட வயது என்றால் பிப் என்கிற கொடுப்பனவின் அன்றாட வாழ்க்கைப் பகுதி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் டிஎல்ஏ என்கிற ஊனக் கொடுப்பனவின் பராமரிப்புப் பகுதியில் நடு வீதம் அல்லது மேல் வீதம்.

கவனியுங்கள்: பிப்பில் நடமாட்டப் பகுதி மட்டும் கிடைக்கிறவரைப் பார்த்தால் உங்களுக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ் இல்லை. டிஎல்ஏயின் கீழ் வீதமும் போதாது. அம்மாவின் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், எந்தப் பகுதி என்று முதல் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அம்மாவுக்கு அப்பிடி ஒரு காசும் வரேல்ல. அப்ப என்ன செய்யிறது?

அப்படியானால் முதல் வேலை அம்மாவின் பெயரில் அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிப்பது. வாரம் 73.90 அல்லது 110.40 பவுண். சேமிப்பு, வீடு, பிள்ளைகளின் வருமானம் எதையும் பார்க்கமாட்டார்கள். பொதுவாக ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதக் கணக்கு இல்லை. தொலைபேசியில் படிவம் கேட்டால் கேட்ட நாளே விண்ணப்ப நாளாகும், ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால் போதும்.

படிவத்தை நிரப்பும்போது அம்மா சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவருக்கும் இதே படிவத்தை நிரப்பினேன். "குளிக்க உதவி வேணுமோ?" என்று கேட்டேன். "நான் தனியத்தான் குளிக்கிறன்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் தொட்டிக்குள் காலை எடுத்து வைக்க என் தோளைப் பிடிப்பார், முதுகை நான் தேய்ப்பேன், வெளியே வந்து கட்டிலில் பத்து நிமிடம் மூச்சு வாங்கிய பிறகுதான் சட்டையின் பொத்தானைப் பூட்டுவார், அதுவும் ஒரு கையால். அந்த ஒரு குளியலை அப்படியே எழுதினேன். நம்முடைய பெரியவர்கள் அந்நியரிடம் இயலாமையைச் சொல்லமாட்டார்கள், அதைக் குறைவாக நினைப்பார்கள். எத்தனை தரம் விழுந்தார், இரவில் எத்தனை தரம் எழுப்பினார், மருந்தை யார் எண்ணிக் கொடுக்கிறார்கள் என்று எழுதவேண்டியது நீங்கள்தான்.

தொலைபேசியில் பேச ஆங்கிலம் போதாதென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தருவார்கள். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை வைத்து அம்மம்மாவின் மலசலம் பற்றிப் பேச வைக்காதீர்கள்.

35 மணித்தியாலம் எண்டு எப்பிடிக் காட்டுறது?

பலர் குளிப்பாட்டுவதையும் சாப்பாடு கொடுப்பதையும் மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு இருபதுதான் வருது" என்பார்கள். சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது, மருந்தகத்துக்குப் போவது, வைத்தியரிடம் கூட்டிப் போவது, விழாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது, மறதி நோய் உள்ளவர் கதவைத் திறந்துகொண்டு போகாமல் காவல் இருப்பது, அவருக்காக அலுவலகங்களோடு பேசுவது எல்லாமே பராமரிப்புத்தான். நேரே தொட்டுச் செய்யும் வேலையாக இருக்கவேண்டும் என்றில்லை.

வாரம் என்பது ஞாயிறு தொடங்கிச் சனி வரை. ஒரு வாரம் 50, அடுத்த வாரம் 20 என்று சராசரி போட முடியாது. சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் நேரத்தைக் குறித்து வைத்தால் பிறகு யார் கேட்டாலும் தடுமாறத் தேவையில்லை.

நான் மருமகள். வேற வீட்டில இருக்கிறன். எடுக்கலாமோ?

எடுக்கலாம். உறவே இல்லாத அயலவர்கூட எடுக்கலாம், ஒரே வீட்டில் இருக்கத் தேவையில்லை. உங்களுக்கு 16 வயதாகியிருந்தால் சரி.

அப்பாவையும் பாக்கிறன், அம்மாவையும் பாக்கிறன். ரெண்டு தரம் கிடைக்குமோ?

கிடைக்காது. எத்தனை பேரைப் பார்த்தாலும் ஒருவருக்கு ஒரு கொடுப்பனவுதான். 35 மணித்தியாலமும் ஒரே ஆளுக்காக இருக்கவேண்டும். அப்பாவுக்கு 20, அம்மாவுக்கு 15 என்று கூட்டினால் செல்லாது. இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம்.

நானும் தம்பியும் மாறி மாறிப் பாக்கிறம். ரெண்டு பேரும் போடலாமோ?

ஒருவரைப் பார்ப்பதற்காக ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். யார் எடுப்பது என்று நீங்கள் பேசி முடிவெடுக்க வேண்டும். பொதுவாக, வேலையில்லாமல் வீட்டில் நிற்கிறவர் எடுப்பது நல்லது, காரணம் கீழே வருமான எல்லைபற்றிய கேள்வியில் இருக்கிறது. மற்றவர் வாரம் 20 மணித்தியாலமாவது பார்த்தால் கெயரர்ஸ் கிரெடிட் என்பதற்கு விண்ணப்பிக்கலாம். அதில் காசு வராது, ஓய்வூதியத்துக்கான பதிவு மட்டும் விழும்.

அப்பா, அம்மா இருவருக்குமே மேலே சொன்ன கொடுப்பனவு வருகிறதென்றால் கதை வேறு. நீங்கள் அம்மாவுக்காகவும் தம்பி அப்பாவுக்காகவும் தனித்தனியே எடுக்கலாம்.

வேலைக்குப் போறன். அப்ப எடுக்க ஏலாதோ?

எடுக்கலாம், கையில் வரும் வருமானம் வாரத்துக்கு 196 பவுணைத் தாண்டாவிட்டால். வரியும் தேசியக் காப்புறுதியும் கழித்த பிறகுள்ள தொகை இது. வேலைத்தல ஓய்வூதியத்துக்குக் கட்டுவதில் பாதியையும் கழிக்கலாம். நீங்கள் வேலையில் நிற்கும் நேரம் அம்மாவைப் பார்க்க நெருங்கிய உறவல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்தால், உங்கள் வருமானத்தின் பாதி வரை அதையும் கழிக்கலாம். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

2025 ஏப்ரலுக்கு முன்னர் எல்லை 151 பவுணாக இருந்தது. இப்போது குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 16 மணித்தியாலம் வேலை செய்தால் எல்லைக்குள் நிற்கலாம். வாடகை, வங்கி வட்டி, கணவரின் சம்பளம் இவை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

ஒரு பவுண் கூடினா என்ன செய்வினம்? ஒரு பவுணைத்தானே கழிப்பினம்?

இல்லை. ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரத்துக்குரிய 83.30 முழுவதும் போய்விடும். படிப்படியாகக் குறைக்கும் முறை இதில் கிடையாது. நத்தார் காலத்தில் கூடுதலாக ஒரு நாள் வேலை, பின்கணக்கில் வந்த சம்பள உயர்வு, ஒரு போனஸ் இவை போதும். தெரியாமல் மாதக்கணக்கில் எடுத்துவிட்டால் பிறகு எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார்கள்.

இப்படி ஆயிரக்கணக்கான பவுண் கடனாளியானவர்களின் கதை 2024இல் நாடு முழுக்கப் பெரிய விவகாரமானது. அரசு லிஸ் செய்ஸ் என்பவரிடம் ஒரு சுயாதீன ஆய்வை ஒப்படைத்தது, 2025 நவம்பரில் அறிக்கை வந்தது. வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் வருமானத்தைச் சராசரி போடுவதில் டிடபிள்யூபியின் வழிகாட்டலே தவறாக இருந்தது என்பது அதில் வெளிவந்தது. பழைய கணக்குகளை மீண்டும் பார்ப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. முன்னர் உங்களிடம் திருப்பிக் கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தை எறியாதீர்கள்.

என் மேசைக்கு வந்த ஒரு மாமி சம்பளத் துண்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் வாரவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஓர் எண், எல்லைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று. மூன்று வாரம் மட்டும் தாண்டியிருந்தது, அவர் உடனேயே அறிவித்திருந்தார். அவருக்குப் பிரச்சினை ஒரு கடிதத்தோடு முடிந்தது. வருமானம் மாறினால் அந்த வாரமே அறிவியுங்கள். அறிவித்த நாளையும் பேசியவரின் பெயரையும் எழுதி வையுங்கள்.

எனக்கு ஓய்வூதியம் வருது. மனிசியை நான்தான் பாக்கிறன். போட்டுப் பிரயோசனம் இருக்கோ?

ஓய்வூதியமும் கெயரர்ஸ் அலவன்ஸும் ஒன்றின்மேல் ஒன்று விழும் கொடுப்பனவுகள். உங்கள் அரச ஓய்வூதியம் வாரம் 83.30 அல்லது அதற்கு மேல் என்றால் கெயரர்ஸ் அலவன்ஸ் கையில் வராது. முழுப் புதிய ஓய்வூதியமே 230.25 பவுண் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

ஆனாலும் போடுங்கள். "உங்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் கொடுக்க முடியாது" என்று ஒரு கடிதம் வரும். பலர் அதை நிராகரிப்பு என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால், வருமானம் குறைந்த ஓய்வூதியக்காரருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண் கூட்டிக் கணக்கிடுவார்கள். வருமானம் சற்றே கூடியதால் முன்பு பென்ஷன் கிரெடிட் மறுக்கப்பட்டவர்களுக்கும் இதனால் கிடைக்கக்கூடும்.

யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறம். இதைப் போட்டா அது வெட்டுப்படுமாமே?

பாதி உண்மை. யூனிவர்சல் கிரெடிட் என்பது வேலை வயதில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவி. கெயரர்ஸ் அலவன்ஸ் முழுவதையும் வருமானமாக எடுத்து யூனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள், மாதம் 360.97 பவுண். அதே நேரம் பராமரிப்பாளர் பகுதி என்று மாதம் 201.68 பவுண் சேர்ப்பார்கள். கூட்டிக் கழித்தால் வீட்டுக்குக் கூடுதலாக வருவது அந்த 201.68.

அதைவிட முக்கியமானது: அந்தப் பராமரிப்பாளர் பகுதிக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ் எடுத்திருக்கத் தேவையே இல்லை. 196 பவுண் எல்லையும் அதற்குக் கிடையாது. 35 மணித்தியாலம் பார்ப்பதும், பார்க்கப்படுகிறவருக்கு மேலே சொன்ன கொடுப்பனவு வருவதும் போதும். வாரம் 25 மணித்தியாலம் வேலை செய்துகொண்டு தகப்பனைப் பார்க்கும் ஒருவர் "எனக்கு இல்லை" என்று விட்டிருந்தார், யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் ஒரு செய்தி எழுதிய பிறகுதான் அவருக்கு அது கிடைத்தது. இந்தப் பகுதி கிடைத்தால் வேலை தேடச் சொல்லியும் வற்புறுத்தமாட்டார்கள். ஒரு வீட்டுக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்று கொடுப்பனவுகளுக்கு வைக்கும் உச்ச வரம்பும் பொருந்தாது.

நான் போட்டா அம்மான்ர காசில கைவைப்பினமோ?

விண்ணப்பிப்பதற்கு முன் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது. அட்டென்டன்ஸ் அலவன்ஸையும் பிப்பையும் தொடமாட்டார்கள். ஆனால் அம்மா தனியே வசித்து, பென்ஷன் கிரெடிட் எடுத்து, அதில் கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை வாரம் 82.90 பவுண் வருகிறதென்றால், உங்களுக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ் கையில் வரத் தொடங்கியதும் அந்தக் கூடுதல் தொகை நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளர் பகுதி எடுத்தாலும் அதேதான். நீங்கள் 83.30 வாங்க, அம்மா 82.90 இழக்க, குடும்பத்துக்கு மிஞ்சுவது 40 பென்ஸ். உங்கள் பணத்துக்கு வரியும் உண்டு என்பதால், வேறு வருமானம் உள்ளவர் என்றால் நட்டம்கூட வரலாம்.

அம்மா உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகை அவருக்கு வந்திருக்காது, இழக்கவும் ஒன்றுமில்லை. மேலே ஓய்வூதியம்பற்றிய கேள்வியில் சொன்ன "தகுதி உண்டு, கொடுக்க முடியாது" என்ற நிலையில் உள்ள ஓய்வூதியக்காரரும் பயப்படத் தேவையில்லை. கையில் காசு வராதவரை அம்மாவின் தொகை குறையாது. அம்மா தனியே இருக்கிறார் என்றால் மட்டும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையம் போன்ற இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

விசாவில இருக்கிறம். போடலாமோ? பிறகு பிரச்சினை வருமோ?

உங்கள் விசாவில் பொதுநிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அவசரப்பட்டு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். கெயரர்ஸ் அலவன்ஸ், பிப், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் எல்லாமே பொதுநிதிதான். நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்கும் குடியுரிமை உள்ளவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. ஆனால் கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும். அகதி நிலை கிடைத்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுக் கணக்கும் இல்லை.

பிள்ளைகள் எழுத்தில் பொறுப்பேற்று ஊரிலிருந்து கூப்பிட்ட பெற்றோரின் விதி தனி. எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதால், அவர்களின் கடிதங்களோடு அனுமதி பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரை முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பதை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

மகனுக்கு ஓட்டிசம். பிள்ளையை எல்லாத் தாயும் பாக்கினம்தானே, எனக்கு ஏன் தருவினம்?

அதே வயதுள்ள மற்றப் பிள்ளைக்குத் தேவைப்படுவதைவிட உங்கள் மகனுக்கு எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைத்தான் டிஎல்ஏ பார்க்கிறது. எட்டு வயதில் சாலையில் கையை உதறிக்கொண்டு ஓடுவது, உடுப்பின் லேபிள் உரசினால் ஒரு மணித்தியாலம் அழுவது, இரவு இரண்டு மணிக்கு எழும்பி விடியும்வரை தூங்காமல் இருப்பது, இவையெல்லாம் எழுதப்படவேண்டியவை. நடு வீதமோ மேல் வீதமோ கிடைத்தால் நீங்கள் கெயரர்ஸ் அலவன்ஸுக்குப் போகலாம். 16 வயதில் பிப்புக்கு மாறச் சொல்லிக் கடிதம் வரும். அதைத் தவறவிட்டால் மகனின் கொடுப்பனவும் நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களுடையதும் நிற்கும்.

எப்பிடி விண்ணப்பிக்கிறது? போன மாதங்களுக்கும் சேர்த்து வருமோ?

இணையத்திலோ தாள் படிவத்திலோ. உங்கள் தேசியக் காப்புறுதி எண், வங்கி விபரம், கடைசிச் சம்பளத் துண்டு, பார்க்கப்படுகிறவரின் தேசியக் காப்புறுதி எண் அல்லது டிஎல்ஏ இலக்கம் தேவை. பொதுவாக மூன்று மாதம் வரை பின்னோக்கித் தருவார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மாவின் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் முடிவு வர ஐந்தாறு மாதம் இழுத்தது என்று வையுங்கள். அந்த முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் நீங்கள் விண்ணப்பித்தால், அம்மாவுக்குக் காசு தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் கணக்கிடுவார்கள். அந்தக் கடிதம் வந்த நாளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தா நிப்பாட்டுவினமோ?

நீங்கள் தனியே போனால் நான்கு வாரம் வரை காசு தொடரும். எந்த 26 வாரத்திலும் பராமரிப்பில் இப்படியான இடைவெளி நான்கு வாரத்தைத் தாண்டக்கூடாது. அம்மாவோடு, அவரைப் பார்ப்பதற்காகவே போனால், அவருடைய கொடுப்பனவு ஓடும்வரை உங்களுடையதும் ஓடும். அவருடையது பொதுவாக வெளிநாட்டில் 13 வாரம் வரை, மருத்துவச் சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம் வரை. கோயில் திருவிழா, கலியாணம், காணி அலுவல் என்று பயணம் நீண்டுபோவது நமக்கு வழக்கம். ரிக்கெட் போடும்போதே வாரங்களை எண்ணுங்கள், புறப்படும் முன் அறிவியுங்கள்.

அம்மா வைத்தியசாலையில இருக்கிறா. நான் ஒவ்வொரு நாளும் போறன்தானே?

போகிறீர்கள், ஆனாலும் அவருடைய அட்டென்டன்ஸ் அலவன்ஸ் 28 நாளுக்குப் பிறகு நிற்கும், அதோடு உங்களுடையதும் நிற்கும். 18 வயதுக்குக் கீழ் வைத்தியசாலையில் சேர்ந்த பிள்ளையின் கொடுப்பனவு நிற்காது. நீங்களே வைத்தியசாலையில் படுத்தால் 12 வாரம் வரை பொறுப்பார்கள். வீடு திரும்பிய நாளை உடனே அறிவித்தால்தான் மீண்டும் தொடங்கும்.

மகள் யூனிவர்சிட்டி. அவள்தான் அம்மம்மாவைப் பாக்கிறாள்.

முழுநேரப் படிப்பு, அல்லது வாரம் 21 மணித்தியாலமோ அதற்கு மேலோ மேற்பார்வையோடு படிப்பு என்றால் கிடையாது. ஸ்கொட்லாந்தில் இது வேறு.

ஸ்கொட்லாந்தில இருக்கிற அண்ணாவுக்கு என்ன விதி?

அங்கே கெயரர்ஸ் அலவன்ஸின் இடத்துக்குக் கெயரர் சப்போர்ட் பேமன்ட் வந்துவிட்டது, 2024 நவம்பரிலிருந்து ஸ்கொட்லாந்து முழுக்க. முழுநேர மாணவர்களில் பலரும் எடுக்கலாம், கூடுதல் தொகையும் உண்டு. மற்றபடி 35 மணித்தியாலம், வருமான எல்லை எல்லாம் மேலே சொன்னது மாதிரித்தான்.

கவுன்சில் தாற காசில மகளுக்குச் சம்பளம் குடுக்கலாமாமே?

இது வேறு பாதை. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், இங்கிலாந்தில் கவுன்சில் அம்மாவின் தேவையை மதிப்பிட்டு, ஆள் அனுப்புவதற்குப் பதிலாகக் காசாகவே தரலாம். அதற்கு டைரக்ட் பேமன்ட் என்று பெயர். அந்தக் காசில் வேறு வீட்டில் வசிக்கும் மகளை வேலைக்கு வைக்கலாம். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினர் என்றால் அவசியம் என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் மட்டுமே. மொழி, சமயம், பெண் உதவியாளர்தான் வேண்டும் என்ற காரணங்களை எழுத்தில் விளக்கிக் கேளுங்கள். தமிழ் மட்டுமே பேசும், மறதி நோயுள்ள ஒருவருக்கு மகளைவிட்டால் ஆளில்லை என்பது வலுவான காரணம்.

ஆனால் அது உண்மையான சம்பளம். அம்மா முதலாளி ஆகிறார், வரிக் கணக்கு வரும். மகள் கெயரர்ஸ் அலவன்ஸும் எடுக்கிறாள் என்றால் அந்தச் சம்பளம் 196 பவுண் எல்லைக்குள் நிற்கவேண்டும்.

காசில்லாமல் வேற என்ன உதவி இருக்கு?

கவுன்சிலிடம் உங்களுக்கென்று ஒரு பராமரிப்பாளர் மதிப்பீடு கேளுங்கள், இளைப்பாறச் சில நாள் மாற்று ஆள் கிடைக்கக்கூடும். வேலையில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாப் பராமரிப்பு விடுப்பு உரிமை உண்டு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து 35 மணித்தியாலம் பார்ப்பவரைச் சில நிபந்தனைகளோடு கவுன்சில் வரிக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். கணவன் மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை.

இல்லை எண்டு கடிதம் வந்திட்டுது. விட்டுடுறதோ?

விடாதீர்கள். கடிதத்தின் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் இல்லை என்றால் சுயாதீன நீதிமன்றத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஓய்வூதியக்காரருக்கு வரும் கடிதம் நிராகரிப்பா, அல்லது மேலே சொன்ன "தகுதி உண்டு" கடிதமா என்று முதலில் பாருங்கள்.

அம்மா போயிட்டா. இனி என்ன செய்யவேணும்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டுச் செலவு முடிந்த கையோடு வருவார்கள், கடித உறைகளைப் பிரிக்காமலே கொண்டுவருவார்கள். முதலில் இறப்பைப் பதியும்போது பதிவாளர் தரும் எண்ணை வைத்து ஒரே முறையில் பெரும்பாலான அரசு அலுவலகங்களுக்கும் அறிவிக்கலாம். அம்மாவின் கொடுப்பனவு நிற்கும். உங்கள் கெயரர்ஸ் அலவன்ஸ் உடனே நிற்காது, இறந்த நாளுக்குப் பிறகு எட்டு வாரம் வரை தொடரும். அதைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்து செலவழிக்காமல் வைத்திருக்கத் தேவையில்லை, அது உங்களுக்கு உரியது.

அந்த எட்டு வாரத்துக்குள், முடிந்தால், உங்கள் தேசியக் காப்புறுதிப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அம்மாவைப் பார்த்த ஆண்டுகளில் இடைவெளி இருந்தால் கெயரர்ஸ் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்துச் சிலவற்றை நிரப்பலாம். தனியே செய்ய மனம் வராவிட்டால் உறைகளை அப்படியே ஒரு பையில் போட்டு மேசைக்குக் கொண்டு வாருங்கள், இருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.